கருவாலி தேடிப் போய் ரெங்காஸில் கை வைத்தேன்

முகம் வீங்கி, இடது கண் திறக்காமல், இரண்டு கைகளிலும் கொப்புளத்தோடு 19 நாள் வீட்டுக்குள் கிடந்தேன். அந்த நாள்களில் எனக்கு இருந்த பெரிய வருத்தம் வலி இல்லை, ரெங்காஸ் என்று, பால் பட்டாலே தோலைப் படுத்தும் ஒரு மரம் ஆற்றோரத்தில் நிற்கிறது என்று முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்பதுதான். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லிவிடுகிறேன். மரம், செடி, விதை என்று காட்டோரம் போகிறவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், நேரம் எடுத்துப் படியுங்கள்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில். அப்பா அம்மா இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள், நான் பிறந்தது லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ரப்பர் போய் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை வந்து, லயமும் உடைபட்ட பிறகு டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தரை வீட்டுக்கு வந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். கறிவேப்பிலை, மிளகாய், முருங்கை, காகிதப்பூ, அவ்வளவுதான். கணவர் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒரு முறை வருவார். 2023 ஆகஸ்ட் மாதத்தில் ஈப்போவிலிருந்து ஒருவர் வந்தார். மலைப்பக்கம் நிலம் வாங்கியிருக்கிறாராம், அங்கே நம் நாட்டிலேயே இயற்கையாக வளரும் ஓக் மரக் கன்று 100 நட வேண்டும், கிடைக்குமா என்று கேட்டார். ஒரு கன்றுக்கு 15 வெள்ளி (ரிங்கிட்). கையோடு 500 வெள்ளி முன்பணமும் கொடுத்தார். நான் ஓக் மரத்தை வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டேன். மொத்தமாக 1,500 வெள்ளிக்கு ஓர் ஆர்டர் எனக்கு அதுவரை வந்ததே இல்லை. அந்த ஆசையில் முன்பணத்தை எடுத்து 180 வெள்ளிக்கு நிழல் வலையும் 145 வெள்ளிக்கு பாலிபேக், மண், உரமும் வாங்கிப் போட்டேன். பொருளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணத்தைச் செலவழித்தது என் முதல் தவறு.

ஓக் மரத்துக்குத் தமிழில் கருவாலி என்று பெயர். தேடிப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் ஒரே படம்தான், ஓரமெல்லாம் அலை அலையாக வெட்டிவிட்டது போன்ற இலை. மரச்சாமான் கடைப் பலகையிலும் அதே இலைதான். அந்த இலையை மனதில் வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை லாசா சாலையோரம் மோட்டார் சைக்கிளில் சுற்றினேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அந்த இலை ஐரோப்பாவில் வளரும் கருவாலியின் இலை. நம் காட்டில் இருப்பவற்றுக்கு அப்படி வெட்டு வெட்டாக இலை கிடையாது. சாதாரணமாக நீள்வட்டமாக, தோல் மாதிரி தடித்து, நுனி கூராக இருக்கும், பார்த்தால் நூறு மரத்தில் ஒன்று மாதிரிதான் தெரியும். அந்த மூன்று வாரமும் நான் வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்த இடத்திலேயே ஒரு மரம் நின்றிருக்கிறது. அது பிறகுதான் தெரிந்தது.

இங்கே வழங்கும் பெயர்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், நான் அலைந்ததில் பாதி உங்களுக்கு மிச்சம். மலாயில் மெம்பெனிங் என்று சொல்வதுதான் நம் ஊர்க் கருவாலி. அந்த ஒரே பெயரில் இரண்டு இனம் அடங்கும். ஒன்று குவெர்கஸ், ஐரோப்பிய ஓக்கும் இந்த இனம்தான். இன்னொன்று லித்தோகார்பஸ், இது ஆசியக் காடுகளில் நிறைய உண்டு. இவற்றின் நெருங்கிய உறவு பெராங்கான். பெராங்கான் என்றதும் நமக்கு வாழைப்பழம்தான் ஞாபகம் வரும், நான் சொல்வது மரம், காட்டுக் கஷ்கொட்டை வகை, கஸ்டனாப்சிஸ் இனம், அதன் கொட்டையை வேகவைத்தும் வறுத்தும் சாப்பிடுவார்கள். மூன்றும் ஒரே குடும்பம். வாங்குகிறவர் ஓக் என்று கேட்டால் இதில் எதைக் கேட்கிறார் என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். நான் பேசவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் கருவாலி தேடுகிறேன் என்றதும் அம்மா, "அப்போ மாசிக்காய் கிடைக்கும், கொஞ்சம் கொண்டு வா" என்றார். கிடைக்காது. மாசிக்காய் என்பது காயே இல்லை. துருக்கி, ஈரான் பக்கம் வளரும் ஒரு கருவாலியின் கிளையில் ஒருவகைக் குளவி முட்டையிடும்போது மரம் அதைச் சுற்றி வளர்க்கிற முடிச்சு அது. இங்கே மஞ்சக்கானி என்று விற்பதும் அதுதான். நம் மெம்பெனிங்கில் அதைத் தேடி யாரும் ஏற வேண்டாம்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். நான்காவது ஞாயிறு, பழைய தோட்டத்தில் எனக்குத் தெரிந்த கிராணியிடம் (ஆபீஸ் எழுத்தரிடம்) கேட்டுவிட்டு ஆற்றோரம் போனேன். ஆற்றையொட்டி செம்பனை நடாமல் ஒரு பட்டை காடு விட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பெரிய மரத்தடியில் உருண்டை உருண்டையாகப் பழுப்பு நிறக் காய்கள் கிடந்தன. கோலிக் குண்டைவிடப் பெரிது, தோல் சொரசொரப்பு, சின்ன உருளைக்கிழங்கு வாடிப்போனது மாதிரி. கருவாலிக் கொட்டைதான், கிண்ணம் மட்டும் கழன்று விழுந்துவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இலையும் தடித்த, முழுசான இலை, கிளை நுனியில் கொத்தாக இருந்தது. எல்லாம் பொருந்துகிறதே என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பட்டையையும் பார்த்து உறுதி செய்துகொள்வோம் என்று பாராங் கத்தியால் ஒரு கை அகலத்துக்கு வெட்டி, நகத்தால் கிளப்பி உரித்தேன். உள்ளே சிவந்து இருந்தது. வெட்டிய ஓரத்தில் துளித் துளியாகப் பால் கசிந்தது. நான் லயத்துப் பிள்ளை, மரத்தில் பால் வந்தால் விரலால் தொட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கம். தொட்டேன். ரப்பர் பால் காற்றுப் பட்டால் இறுகும், இது இறுகவில்லை. நான் காய் பொறுக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அந்த ஓரம் பழுப்பாகி, அப்புறம் தார் பூசியது போலக் கறுத்துவிட்டது. என் விரலிலும் அதே கறுப்பு. சட்டையில் துடைத்தேன். வேர்த்து வழிந்ததால் அதே கையால் முகத்தையும் துடைத்தேன். ஒரு கோணிப்பையில் பாதிக்கு அந்தக் காய்களை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரவு விரல் இடுக்கில் அரிப்பு. செவ்வாய்க்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தது என் முகமே இல்லை. கன்னமும் கண் இமையும் பாவ் ரொட்டி மாதிரி உப்பி, கையில் கோடு கோடாகக் கொப்புளம், அதிலிருந்து நீர் வடிந்தது. நெருப்புப் பட்ட எரிச்சலும் அரிப்பும் சேர்ந்து வரும், ராத்திரி தூங்க முடியாது, சொறிந்தால் உயிர் போகும், சொறியாமல் இருக்கவும் முடியாது. பக்கத்து கிளினிக்கில் 70 வெள்ளி வாங்கிக்கொண்டு, இறால் சாப்பிட்டீர்களா என்று கேட்டு ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்று நாளில் கழுத்துக்குப் பரவியது. வேறொரு கிளினிக், 85 வெள்ளி, மாத்திரை ஐந்து நாளைக்கு. அதில் நன்றாகவே வடிந்தது. மாத்திரை முடிந்து இரண்டாம் நாள் மறுபடியும் குபுக்கென்று கிளம்பியது, முன்னைவிட மோசமாக. அன்றைக்குத்தான் பயந்து அழுதேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அவருக்கு முட்டி வலி, தண்ணீர் வாளியைத் தூக்க முடியாது. பின்னால் நாற்றெல்லாம் வாடுகிறது என்று தெரிகிறது, எழுந்து போய் ஊற்றக் கையில் தெம்பு இல்லை.

என்னவென்று கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. எதிர்வீட்டு மாமா ஒருவர், பலகை மில்லில் 30 வருஷம் வேலை பார்த்தவர், அம்மாவைப் பார்க்க வந்தவர் வாசலில் நின்றபடி என் கையைப் பார்த்தார். "எந்த மரத்தை வெட்டின பாப்பா? பால் கறுத்துச்சா?" என்று கேட்டார். கறுத்தது மாமா என்றேன். "ரெங்காஸ்டா இது. மில்லுல புதுசா வந்த பையன்லாம் இப்படித்தான் கிடப்பானுங்க" என்றார். பலகை செக்கச்செவேல் என்று அழகாக இருக்கும், மேசை நாற்காலிக்கு நல்ல விலை போகும், ஆனால் பச்சை மரத்தை அறுக்கும்போது தூள் பட்டாலே சிலருக்கு வீங்கிவிடும் என்று சொன்னார். அம்மா உடனே, "அட, சேராங்கொட்டை பட்ட மாதிரி" என்றார். அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மா, முந்திரி, சேராங்கொட்டை, ரெங்காஸ் நான்கும் ஒரே குடும்பம். ரெங்காஸ் பாலில் உருஷியால் வகையைச் சேர்ந்த ஓர் எண்ணெய் இருக்கிறது, அதுதான் தோலைப் படுத்துகிறது. பர்மாவில் அரக்குப் பாத்திரத்துக்குப் பூசும் கறுப்புப் பாலும் இதே இனத்து மரத்திலிருந்துதான் வருகிறது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே மாங்காய்ப் பால் பட்டால் உதடு வெந்துபோகும். அப்படி உங்களுக்கும் ஆகும் என்றால் ரெங்காஸ் பக்கமே போகாதீர்கள்.

மாமா சொன்னதை அப்படியே ஈப்போவில் ஒரு தோல் டாக்டரிடம் சொன்னேன், 260 வெள்ளி ஆனது, ஆனால் அன்றிலிருந்துதான் குணம் தெரிந்தது. அவர் கொடுத்ததும் ஸ்டீராய்டு மாத்திரைதான், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. ஐந்து நாளில் நிறுத்தியதால்தான் திரும்பக் கிளம்பியது என்று விளக்கினார். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக வாங்கியும் போடாதீர்கள், சர்க்கரை வியாதி இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கொப்புளத்து நீர் பட்டால் மற்றவர்களுக்குப் பரவாது, உடம்பில் வேறு இடத்துக்கும் பரவாது. பரவுவது அந்த எண்ணெய். நான் துடைத்த சட்டையை அம்மா மற்ற துணியோடு சேர்த்து ஊறவைத்திருந்தார், நான் பாராங் பிடியை ஐந்தாவது நாள் மறுபடியும் தொட்டிருக்கிறேன், கழுத்துக்கு வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆகவே பட்டுவிட்டால் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், நகத்துக்குள்ளும். துணி, செருப்பு, கத்தி, கைப்பேசி எல்லாவற்றையும் கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள். அந்த மரத்துக் கட்டையை அடுப்பில் வைக்கவே வைக்காதீர்கள், புகை நெஞ்சுக்குள் போனால் இன்னும் ஆபத்து. முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ நேராக மருத்துவமனைதான்.

வைத்தியத்துக்கு 415 வெள்ளி. வாடிச் செத்த நாற்று 400 வெள்ளிக்கு இருக்கும். கடை திறக்காத நாள்களின் வருமானம் 1,200 வெள்ளியாவது போயிருக்கும். இதில் ஈப்போக்காரருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கக் கணவரிடம் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. அவர் திட்டவில்லை, அதுவே எனக்கு அதிக வருத்தம். கோணிப்பையில் இருந்த காய்களை மாமாதான் கையுறை போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தார்.

தேறிய பிறகு மாமாவையே கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். ஆற்றோரம் இல்லை, தோட்டத்துக்குள் சரிவாக இருப்பதால் செம்பனை நடாமல் விட்ட ஒரு குன்று. போகும் வழியில், நான் வழக்கமாக வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, "இதோ ஒண்ணு" என்று மேலே காட்டினார். அன்றைக்கு அவர் காட்டிய வரிசையை நான் இன்றுவரை மாற்றவில்லை. முதலில் தரை. அப்புறம் கிளை. பட்டை கடைசி, அதுவும் கத்தி இல்லாமல். நான் தலைகீழாகச் செய்துதான் மாட்டிக்கொண்டேன்.

தரையில் தேட வேண்டியது கொட்டையைவிடக் கிண்ணத்தை. கொட்டையை அணில், எலி, காட்டுப்பன்றி கொண்டுபோய்விடும், கிண்ணம் மரக்கட்டை மாதிரி கெட்டி, மாதக்கணக்கில் இலைச் சருகுக்குள் கிடக்கும். அந்தக் குன்றில் எனக்கு முதலில் கிடைத்த கிண்ணம் என் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. வெளியே மீன் செதில் போல அடுக்கடுக்காகச் சின்னச் சின்ன முனைகள், உள்ளே வழவழப்பு, நடுவில் கொட்டை ஒட்டியிருந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு. தடித்த காம்பில் மூன்று நான்கு கிண்ணம் ஒட்டிக்கொண்டு கொத்தாக இருந்தது. அப்படிக் கொத்தாகவும் செதிலாகவும் இருந்தால் பெரும்பாலும் லித்தோகார்பஸ். செதிலுக்குப் பதிலாக, வளையலை அடுக்கியது போல வட்ட வட்டமான வரிகள் இருந்தால் குவெர்கஸாக இருக்கலாம், நம் நாட்டுக் குவெர்கஸுக்கெல்லாம் வளையல் வரிதான். ஆனால் லித்தோகார்பஸிலும் சிலவற்றுக்கு வளையல் உண்டு, அதனால் அதை மட்டும் வைத்துச் சத்தியம் செய்யாதீர்கள். பூத்திருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். குவெர்கஸின் ஆண் பூச்சரம் தொங்கும், காற்றில் மகரந்தம் பறக்கும். லித்தோகார்பஸின் பூச்சரம் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும், வாசனைக்குப் பூச்சிகள் வந்து மொய்க்கும். பெராங்கானுக்குக் கிண்ணமே கொட்டையை முழுசாக மூடியிருக்கும், பெரும்பாலும் ரம்புத்தான் காய்ந்தது மாதிரி முள், ஆனால் முள் கூர்மை, குத்தும். முள் இல்லாத பெராங்கானும் இருக்கிறது. கிண்ணம் ஒன்றுகூட இல்லாமல் உருண்டைக் காய் மட்டும் கிடக்கிறதா, எடுக்காதீர்கள். கொட்டையின் தோலையும் பாருங்கள். கருவாலிக் கொட்டை ரப்பர் விதை மாதிரி வழவழவென்று இருக்கும், புள்ளி மட்டும் இருக்காது, நுனியில் பென்சில் முனை போல ஒரு சின்னக் கூர் இருக்கும். நான் அன்று பொறுக்கிய சொரசொரப்புக் காயில் அந்தக் கூரும் இல்லை, தழும்பும் இல்லை. இவ்வளவுதான் வித்தியாசம், இது தெரியாமல் போயிற்று.

இலையை வைத்து மட்டும் முடிவு செய்யவே முடியாது, ஏனென்றால் ரெங்காஸ் இலையும் தனி இலைதான், மாறி மாறித்தான் வரும், தடிப்பும் ஏறக்குறைய அதே தடிப்பு. கைப்பேசியில் படம் எடுத்து ஆளைக் கேட்கலாம், செயலியைக் கேட்டு நம்ப வேண்டாம், எனக்கு ஒரே மரத்துக்கு மூன்று பெயர் சொன்னது. விழுந்த இலையைக் குச்சியால் புரட்டிப் பின்பக்கம் பாருங்கள். கருவாலிக் குடும்பத்தில் பலவற்றுக்கு அடிப்பக்கம் வெள்ளி பூசியது போலவோ, செம்பழுப்பாகவோ இருக்கும், பக்க நரம்புகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக ஓடும். குவெர்கஸ் சிலவற்றில் நுனிப் பக்கம் மட்டும் லேசாகப் பல் இருக்கும். இதெல்லாம் கிண்ணம் கிடைத்த பிறகு பக்கபலமாகப் பார்க்க வேண்டியவை. பட்டைக்கு வாருங்கள். தூரத்திலிருந்து மரத்தைச் சுற்றி வந்து, எங்கேயாவது தார் வடிந்து காய்ந்தது போலக் கறுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் திரும்பிவிடுங்கள், கீழே நிற்கவும் வேண்டாம், மழையில் இலையிலிருந்து சொட்டுவது பட்டாலும் ஆகாது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். கறை இல்லை என்பதற்காகவும் வெட்டாதீர்கள். மாமா எனக்கு உயிர் மரத்தை வெட்டிக் காட்டவில்லை, விழுந்து கிடந்த ஒரு மெம்பெனிங்கைக் காட்டினார். பட்டை தானாகக் கழன்றிருந்தது. பட்டையின் உள்பக்கம் நீளவாக்கில் மேடு மேடாக வரி, அதே இடத்தில் மரத்தில் பள்ளம், இரண்டையும் ஒட்டினால் அச்சு வார்த்ததுபோலப் பொருந்தியது. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து சக்கரக் கம்பி போல அகலமான கோடுகள். "இந்தக் கோட்டப் பார்த்துத்தான் மில்லுல மெம்பெனிங்குன்னு பிரிச்சு வைப்போம், நடுத்தரக் கெட்டி மரம்" என்றார். விரலால் தடவிப் பார்த்தேன், அந்தக் கோடு தனியாகப் பளபளத்தது. இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

ஆனாலும் என் நஷ்டம் அதோடு முடியவில்லை. அன்று 140 கொட்டை பொறுக்கி வந்து, மிளகாய் விதையைக் காயவைப்பதுபோலக் கோணியில் பரப்பி நான்கு நாள் வெயிலில் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இந்தக் கொட்டைக்கு ஈரம் போனால் உயிர் போய்விடும், ரப்பர் விதை மாதிரியேதான். அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான், யோசித்திருக்க வேண்டும். மரம் வருஷா வருஷம் ஒரே மாதிரி காய்ப்பதுமில்லை, அடுத்த காய் விழ ஏழு மாதம் காத்திருந்தேன். இந்த முறை எடுத்த அன்றே வாளித் தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி வைத்தேன். மிதந்தவை எல்லாம் வண்டு துளைத்தவை, அல்லது உள்ளே சுருங்கியவை, தூக்கிப் போட்டேன். அடியில் தங்கியவற்றைப் படுக்கவைத்து ஒரு விரல் கணு ஆழத்தில் நட்டேன், நிழல் வலைக்கடியில், எலி வராமல் மேலே கம்பி வலை போட்டு. தாய் மரத்தடியிலிருந்து ஒரு பை மண்ணும் கொண்டு வந்து கலந்தேன், இந்த மரங்களின் வேர் ஒருவகைக் காளானோடு சேர்ந்துதான் நன்றாக வளரும், அது அந்த மண்ணில் இருக்கும். பாலிபேக் உயரமானதாக வாங்குங்கள், ஆணிவேர் இலையைவிட வேகமாகக் கீழே ஓடும். அப்புறம், காட்டு ஒதுக்குப் பகுதிக்குள் போய் எதையும் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு கொட்டை என்றாலும் கேட்டுவிட்டு எடுங்கள். தனியார் நிலம் என்றால் நிலத்துக்காரரிடம்.

இப்போது 31 கன்று நிற்கிறது. ஈப்போக்காரர் வேறு மரம் நட்டுவிட்டார், அதனால் என்ன, இவை யாருக்கு என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. போன வாரம் ஆற்றோரம் அந்த ரெங்காஸ் வரைக்கும் போனேன். நான் வெட்டிய இடம் ஒரு கை அகலத்துக்குக் கறுப்பாக ஆறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் அங்கே மீன் பிடிக்க வருகிறார்கள், அதே காய்களை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுவதை நான் பார்த்திருக்கிறேன். எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லித் தோட்டத்து ஆபீசில் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்கள். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று ஒரு தகரத்தில் தமிழிலும் மலாயிலும் "ரெங்காஸ், தொடாதே" என்று சிவப்புச் சாயத்தில் எழுதி மாட்டிவிட்டு வந்தேன். ஆணியை அந்த மரத்தில் அடிக்கவில்லை, நான்கு அடி தள்ளி நின்ற செம்பனையில் அடித்தேன்.